நூலகத்துக்குக் கணினி வந்தாயிற்று. புத்தகம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நூலகங்களைப் பற்றிய செய்திகளில் டிஜிட்டல் நூலகம், அறிவுசார் மையம், இலவச வைஃபை, மின்னூல் ஆகிய சொற்கள் சில ஆண்டுகளாகக் கலந்துகட்டி வருகின்றன. படிப்பவர் குழம்புவது இயல்பு. நகராட்சி புதிதாகத் திறந்த கட்டடமும் பேருந்து நிலையத்தின் அருகே இருக்கும் பழைய கிளை நூலகமும் ஒரே நிர்வாகமா? கிளை நூலகத்தின் உறுப்பினர் அட்டை புதிய கட்டடத்தில் செல்லுமா? வைஃபை வந்துவிட்டால் புதிய நாவலைப் போனிலேயே இரவல் எடுக்கலாமா? மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலும் 'இல்லை' என்பதுதான் விடை. அது ஏன் என்பதையும், ராமநாதபுரம் கடற்கரையைப்போல் ஊர்கள் நீளவாக்கில் சிதறிக் கிடக்கும் பகுதியில் வாசகருக்கு எந்தத் தொழில்நுட்பம் உண்மையில் பயன்படும் என்பதையும் அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

எந்த நூலகம் யாருடையது?

தமிழ்நாட்டுப் பொது நூலகங்களுக்கு அடித்தளம் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம். விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் இதுதான். சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதனின் நீண்ட வாதாட்டம் இதன் பின்னால் இருக்கிறது. சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு உண்டு. ராமநாதபுரம் நகரில் மாவட்ட மைய நூலகமும், அதன்கீழ் கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதிநேர நூலகங்களும் இந்த அமைப்பைச் சேர்ந்தவை. மேலே இருப்பது பொது நூலக இயக்ககம். துறை, பள்ளிக் கல்வித் துறை.

அறிவுசார் மையங்கள் வேறு. அவை நகராட்சி நிர்வாகத்தின் கீழ் வருகின்றன; போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களை மனத்தில் வைத்துக் கட்டப்படுகின்றன. 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் கட்டப்பட்ட நூலகங்கள் மூன்றாவது வகை. அவை ஊரக வளர்ச்சித் துறையின் கணக்கில் உள்ளவை. அவற்றில் பூட்டிக் கிடப்பவையும் உண்டு. ஆக, ஒரே வட்டாரத்தில் மூன்று துறைகள், மூன்று பதிவேடுகள். வாசகருக்கு எல்லாம் 'நூலகம்'தான்; அரசுக் கோப்புகளில் அப்படி இல்லை. அட்டையும் பட்டியலும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதன் வேர் இது. மென்பொருள் வாங்கி இதைத் தீர்க்க முடியாது. துறைகள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

கடற்கரையின் நீளம்

வடக்கே தொண்டியில் தொடங்கித் திருப்பாலைக்குடி, தேவிப்பட்டினம், மண்டபம் வழியாகப் பாம்பன் பாலம் கடந்து தங்கச்சிமடம், ராமேசுவரம் வரை ஒரு கரை. அந்தப் பக்கம் திரும்பினால் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று இன்னொரு கரை. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் இங்கே சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தால் 200 கிலோமீட்டருக்கு மேல். மாவட்ட மைய நூலகம் இருக்கும் ராமநாதபுரமோ கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ராமேசுவரத்திலிருந்து அங்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர்.

ஒரு குறிப்புநூலைத் தேடி ராமேசுவரத்திலிருந்து பஸ் ஏறுபவருக்கு அரைநாள் போகும். நூல் இரவலில் போயிருந்தால் அந்த அரைநாளும் பஸ் கட்டணமும் வீண். நூலகம் இலவசம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். கடலோர வாசகருக்கு அது இலவசமே அல்ல. அவர் கட்டணத்தைப் பஸ்ஸில் கட்டிவிட்டு வருகிறார்.

ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. சென்னையில் இது வரிசையில் நிற்கும் பத்து நிமிடத்தைக் குறிக்கலாம். இங்கே அது ஒரு பயணத்தைக் குறிக்கிறது. ஆகவே இந்தக் கரையில் எந்தத் தொழில்நுட்பத்தையும் எடைபோட ஒரு கேள்வி போதும்: இது ஒரு வீண் பயணத்தையாவது தவிர்க்குமா?

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பளபளப்பான பொருட்கள் பல கீழே விழுகின்றன. நூலில் ஒட்டிய சில்லை உணர்ந்து வாசலில் ஒலியெழுப்பும் ஆர்எஃப்ஐடி கதவு யாருடைய பயணத்தையும் தவிர்ப்பதில்லை. சில ஆயிரம் நூல்கள் கொண்ட கிளை நூலகத்துக்குப் பார்கோடு ஒட்டினாலே போதும். தொடுதிரை மேசையும் அப்படித்தான். திறப்பு விழாப் படத்துக்கு நன்றாக இருக்கும்.

முதல் தேவை: வெளியிலிருந்து பார்க்கக்கூடிய பட்டியல்

இணையப் பட்டியல் என்பது நூலகத்தில் உள்ள நூல்களின் பதிவுகளை வீட்டிலிருந்தே தேடும்படி வைப்பது. நூல்களின் உள்ளடக்கம் அதில் இருக்காது. எந்த நூல், எங்கே, இப்போது கிடைக்குமா என்பதுதான் இருக்கும். டிஜிட்டல் நூலகத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பட்டியல் ஒழுங்காக இருந்தால் வாசகர் கேட்கும் இந்த நான்கு கேள்விகளுக்கு விடை கிடைக்க வேண்டும்:

1. இந்த நூல் மாவட்டத்தில் எந்த நூலகத்திலாவது இருக்கிறதா? கீழக்கரையிலா, பரமக்குடியிலா?

2. அலமாரியில் இருக்கிறதா, இரவலில் இருக்கிறதா? இரவல் என்றால் கெடு எப்போது முடிகிறது?

3. எனக்காக எடுத்து வைப்பார்களா? என் ஊர்க் கிளைக்கு அனுப்புவார்களா?

4. நூலகம் இன்று திறந்திருக்கிறதா?

நான்காவது கேள்வி சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் பகுதிநேர நூலகம் உள்ள ஊரில் வாசகரின் முதல் கேள்வியே இதுதான். ஒரே ஊழியர் உள்ள நூலகத்தில் அவர் விடுப்பு எடுத்தாலோ கூட்டத்துக்குப் போனாலோ கதவு பூட்டியிருக்கும். காலையில் ஒரு வரி பதிவிட்டால் போதும். இதற்கு மென்பொருள்கூட வேண்டாம், கிளைக்கு ஒரு வாட்ஸ்அப் எண் இருந்தால் நடந்துவிடும். மூன்றாவதற்குத் தேவை ஒரு பையும், வாரம் ஒருமுறை கிளைகளுக்கு இடையே போய்வரும் ஓர் ஆளும்.

மென்பொருள் விலை ஒரு தடையே இல்லை. நியூசிலாந்தின் ஒரு சிறிய நூலக அமைப்புக்காக 1999–2000இல் எழுதப்பட்ட கோஹா என்ற நூலக மென்பொருள் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. கட்டற்ற மென்பொருள், உரிமக் கட்டணம் கிடையாது. தேசியத் தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயாவும் இருக்கிறது. செலவு பிடிப்பது பதிவேற்றும் உழைப்புதான். நூலை எடுத்து, தலைப்பு, ஆசிரியர், பதிப்பு, ஆண்டு பார்த்துத் தட்டி, பார்கோடு ஒட்டி அலமாரியில் வைக்க வேண்டும். இதை ஒரு முறை ஒழுங்காகச் செய்யாமல் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

தமிழில் தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

பட்டியல் இருந்தும் தேடல் தோற்கும். தேடுபவர் தம்மீதே குறை சொல்லிக்கொண்டு போய்விடுவார். கோளாறு அவரிடம் இல்லை.

ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். ராமேஸ்வரம், ராமேசுவரம், இராமேஸ்வரம், இராமேசுவரம் என நான்கு வடிவங்களும் அச்சில் வழக்கில் உள்ளன. மனிதருக்கு நான்கும் ஒன்று. கணினிக்கு நான்கும் தொடர்பில்லாத நான்கு எழுத்துச் சரங்கள். 'ராமேஸ்வரம் மீனவர்' என்று தட்டுபவருக்கு 'இராமேசுவரம்' என்று பதிவான நூல் தெரியாது. ஆசிரியர் பெயரின் முன்னெழுத்தும் இதே தொல்லை: முன்னால் போட்டதா, பின்னால் போட்டதா, புள்ளி வைத்ததா, இடைவெளி விட்டதா?

இதன்மேல் பழைய எழுத்துருக்களின் சுமை வேறு. ஒருங்குறி (யூனிகோடு) என்ற பொதுக் குறியேற்றம் பரவுவதற்கு முன் தமிழ் ஆவணங்கள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில், ஒவ்வொன்றும் தனக்கென வைத்திருந்த குறியேற்றத்தில் தட்டச்சாயின. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை அதிகாரப்பூர்வத் தரமாக ஏற்றது 2010இல். அதற்கு முன் தட்டிய பட்டியலை மாற்றாமல் அப்படியே இணையத்தில் ஏற்றினால் திரையில் வருவது தமிழும் அல்ல, ஆங்கிலமும் அல்ல.

தீர்வு தெரிந்ததுதான். ஒரே பெயரின் எல்லா வடிவங்களையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் பெயர்க்கோப்பு ஒன்று வேண்டும். சொல்முதல் 'இ'யைப் புறக்கணித்து, 'ஸ்வ'வையும் 'சுவ'வையும் சமமாகக் கொள்ளும் தேடல் விதிகள் சிலவும் வேண்டும். தமிழ் அறிந்த நிரலருக்கு இது பெரிய வேலை அல்ல. ஆனால் ஒப்பந்தப் புள்ளியில் இதைக் கேட்டு எழுதினால்தான் செய்வார்கள்.

மின்னூல்: எது கிடைக்கும், எது கிடைக்காது

அச்சு நூலை வாங்கினால் அந்தப் பிரதி நூலகத்துக்குச் சொந்தம். தாள் கிழியும்வரை இரவல் தரலாம். மின்னூல் அப்படி அல்ல. நூலகம் வாங்குவது உரிமம். எத்தனை பேர் ஒரே நேரத்தில் படிக்கலாம், எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்பதைப் பதிப்பாளர் வகுக்கிறார். புதிய தமிழ் நூல்களைப் பொது நூலகங்களுக்கு இப்படி உரிமம் தரும் ஏற்பாடு பரவலாக உருவாகவில்லை. வைஃபை வந்தாலும் புதிய நாவல் வராததற்குக் காரணம் இது. நூலகரைக் கோபித்துக்கொள்வதில் பொருளில்லை.

சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவை மூன்று வகை:

1. காப்புரிமை முடிந்தவை. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும்.

2. நாட்டுடைமையாக்கப்பட்டவை. தமிழ்நாடு அரசு உரிமையைப் பெற்றுப் பொதுவில் வைத்தவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இவற்றில் பலவற்றைப் படிக்கலாம்.

3. உரிமையாளர் இசைவோடு வெளியிடப்பட்டவை. அரசின் பாடநூல்கள், சில ஆய்வு வெளியீடுகள் போன்றவை.

இந்தக் கரைக்கு இன்னொரு மின்னூலகமும் முக்கியம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவைக்கும் 'நூலகம்' திட்டம் 2005இல் தொடங்கியது. மண்டபத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே வளர்ந்த ஒரு மாணவிக்குத் தன் பாட்டியின் ஊரில் வந்த பழைய இதழ் ஒன்றைக் காட்ட நம் கிளை நூலகக் கணினியால் இன்றே முடியும், உரிமச் செலவும் இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்ல ஆள் இருந்தால் போதும்.

இலவச மின்னூல்களில் பெரும்பாலானவை பக்கங்களைப் படமெடுத்த கோப்புகள். அவற்றில் சொல் தேட முடியாது; கோப்பு பெரியது; சிக்னல் மெலிந்த ஊரில் இறங்கவே நேரமாகும். பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு அவை வெறும் படம்; அது மௌனமாகிவிடும். 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம், அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்றித் தர அனுமதிக்கிறது. இதே நோக்கம் கொண்ட மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. அனுமதி இருக்கிறது, மாவட்ட அளவில் ஒரு ஸ்கேனரும் படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருளும் பிழைதிருத்த ஒருவரும் இருந்தால் கேட்பவருக்குக் கேட்ட நூலை மாற்றித் தரலாம்.

கணினியின் முன் உட்காருபவர் என்ன செய்கிறார்?

மின்னூல் படிப்பவர் குறைவு. பெரும்பாலும் படிவம் நிரப்புகிறார்கள். டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவில் புகைப்படமும் கையெழுத்தும் குறிப்பிட்ட அளவில் ஏற்ற வேண்டும். ஹால் டிக்கெட் எடுக்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று ஸ்கேன் செய்ய வேண்டும். மீனவர் நலத்திட்ட விண்ணப்பம், வளைகுடா நாட்டு வேலைக்கான ஆவணங்கள் என்று கரைக்கே உரியவையும் உண்டு. இ-சேவை மையங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே ஒருவர் நமக்காகச் செய்து தருகிறார். நூலகத்தில் நாமே உட்கார்ந்து, தவறினால் மறுபடி செய்யலாம். அடுத்த விண்ணப்பத்துக்கு இன்னொருவரை நாட வேண்டியதில்லை.

மீனவர்களுக்காக நூலகத்தில் வானிலைத் திரை வைக்கலாம் என்ற யோசனையை அவ்வப்போது கேட்கலாம். வேண்டாம். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையத்தின் மீன்வள முன்னறிவிப்பும் அலை எச்சரிக்கையும் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. கடலுக்குப் போகிறவர் விடியுமுன் அதைப் பார்க்க நூலகம் திறக்கும்வரை காத்திருக்கமாட்டார். அவருக்கும் அவர் வீட்டாருக்கும் வேண்டியது பிரிண்டர்.

தேர்வுக்குப் படிப்பவர்களைக் கேட்டால் இன்னும் எளிய பட்டியல் வரும்: மேசைக்கு ஒரு பிளக் பாயின்ட், மின்விசிறி, மாலையில் நீட்டித்த நேரம், காலி இருக்கை உண்டா என்ற தகவல். கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கோடை விடுமுறையோடு சேர்ந்து வருகிறது. விசைப்படகுக் குடும்பங்களில் எல்லோரும் வீட்டில் இருக்கும் அந்த இரண்டு மாதங்களில் அமைதியாகப் படிக்க ஓரிடம் என்பதே பெரிய சேவை.

பொதுக் கணினியில் ஓர் ஆபத்து உண்டு. ஆதாரும் சான்றிதழ்களும் பதிவிறக்கக் கோப்புறையில் அப்படியே கிடக்கும். மின்னஞ்சலிலிருந்து வெளியேற மறப்பார்கள். ஒருவர் எழுந்ததும் எல்லாவற்றையும் தானாக அழிக்கும் விருந்தினர் முறையை அமைப்பது கடினமல்ல, செலவுமில்லை. வருகைப் பதிவேட்டில் கைப்பேசி எண்ணை எழுதச் சொல்லி அதை வாசலில் விரித்து வைப்பதும் இதே வகைக் கவனக்குறைவுதான். மின்வடிவில் உள்ள தனிப்பட்ட தரவுகளுக்கான பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது; தாள் பதிவேட்டிலும் அதே கவனம் வேண்டும். ஒரு பெண்ணின் எண் அடுத்த பக்கத்தில் கையெழுத்திடும் எல்லோருக்கும் தெரியும் நிலை இருக்கக் கூடாது.

உப்புக்காற்று

தலைமையிடத்தில் போடும் கொள்முதல் பட்டியலில் கடல் இருப்பதில்லை. கடலோரக் காற்றில் மிதக்கும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கணினியின் மின்விசிறி அதையே உள்ளே உறிஞ்சும். சர்க்யூட் பலகையின் செம்பிலும் இணைப்பு முனைகளிலும் அரிப்பு தொடங்கும். யுபிஎஸ்ஸில் இருக்கும் ஈய-அமில பேட்டரிக்கு வெப்பமும் எதிரி. 25 டிகிரிக்கு மேல் ஏறத்தாழ பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ராமநாதபுரத்துக் கோடையில் காற்றோட்டமில்லாத அறையில் பேட்டரி சீக்கிரம் கைவிடுவதில் வியப்பில்லை.

எனவே இங்கே வாங்கும்போது கவனிக்க வேண்டியவை வேறு. மின்விசிறி இல்லாத சிறு கணினி, சுவரோடு ஒட்டாத மேசை, நல்ல எர்த், பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவற்றோடு இணையம் அறுந்தாலும் இரவல் கொடுக்கல் வாங்கல் நிற்காத அமைப்பும் வேண்டும். பட்டியலின் பிரதி ஒன்று கிளையிலேயே இருந்து, இணைப்பு வந்ததும் மையத்தோடு சேர்ந்துகொள்ளலாம்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் நாட்களில் புத்தகத்தைத் திருப்பித் தர யாரும் பஸ் ஏறமாட்டார்கள். அன்று முடியும் கெடுவைத் தானாக நீட்டிக்கும் ஒரு விதியை மென்பொருளில் போடலாம். கெடுவுக்கு முன் ஒரு குறுஞ்செய்தி, பதிலனுப்பினால் புதுப்பிப்பு என்ற ஏற்பாட்டையும் இதோடு சேர்க்கலாம். பயணத்தைத் தவிர்க்கும் தொழில்நுட்பம் என்றால் இதுதான்.

பணம்

சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. ஆயிரம் ரூபாய் வரி கட்டும் வீட்டிலிருந்து நூறு ரூபாய். உள்ளாட்சிகள் வசூலித்து ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். பெரிய கட்டடங்கள் நிறைந்த நகரத்தில் இது பெருந்தொகை; ஓட்டு வீடுகளும் ஓலை வீடுகளும் உள்ள கடலோர ஊராட்சியில் சொற்பம். வரி அடிப்படையில் மட்டும் பார்த்தால், பயணச் செலவு அதிகமான வாசகருக்கே குறைந்த பணம் என்று ஆகிறது. மாநில அரசின் மானியமும், கொல்கத்தாவில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் உதவியும் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

புரவலர்களும் உண்டு. வெளிநாட்டில் சம்பாதிப்பவர்கள் நிறைந்த கரை இது, கேட்டால் கொடுப்பார்கள். சிக்கல் என்னவென்றால் கணினியின்மேல் நன்கொடையாளர் பெயரை எழுதலாம், பட்டியல் பதிவின்மேல் எழுத முடியாது. அதனால் கணினி வந்துவிடும், பதிவேற்றுபவருக்குச் சம்பளம் வராது. வாசகர் வட்டங்கள் நன்கொடை கேட்கும்போது இதைச் சொல்லியே கேட்க வேண்டும்.

புதிய மென்பொருள் வரப்போகிறது என்று அறிவித்தால் வாசகர் வட்டம் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்கத்தக்கவை இவை:

1. கிளை நூலகங்களின் நூல்களும் ஒரே பட்டியலில் வருமா, மைய நூலகம் மட்டுமா?

2. எழுத்து வேறுபாடுகளைத் தாங்கும் தமிழ்த் தேடல் ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

3. சாதாரணக் கைப்பேசியில், மெதுவான இணைப்பில் பக்கம் திறக்குமா?

4. ஒப்பந்தம் முடிந்து வேறு நிறுவனத்துக்கு மாறினால், பதிவுகள் அனைத்தையும் மார்க் 21 போன்ற பொதுத் தர வடிவில் திருப்பித் தருவார்களா? நூலகம் தட்டச்சு செய்த பட்டியலுக்கே மறுபடி பணம் கட்டும் நிலை இந்த ஒரு வரி இல்லாததால் வரும்.